பள்ளிக்கும் ஒரு குடிமராமத்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் நம் காவிரிப் படுகை மக்களின் கண்கள் மேட்டூரை நோக்கியே இருக்கும். அணை திறக்க வேண்டும். தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும். அங்கிருந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, கடைசியாகக் கடைமடை வயலைத் தொட வேண்டும். அணையில் தண்ணீர் இருந்தால் மட்டும் இது நடக்காது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் நம் முன்னோர் தண்ணீர் வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. வாய்க்காலுக்கு ஊர் கூடுகிறது. பள்ளிக்கு யார் கூடுகிறார்கள்? இந்தக் கேள்வியோடு இன்றைய நற்செய்திச் சிந்தனைக்குள் நுழைவோம்.

மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்கள் வழியில் வாதாடிக்கொண்டு வருகிறார்கள். தங்களுக்குள் பெரியவர் யார் என்பதே அவர்களுடைய வாதம். வீட்டுக்கு வந்து அமர்ந்த இயேசு ஒரு சிறு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தி, அணைத்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளையை ஏற்பது தம்மை ஏற்பதாகும் என்கிறார். ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. நம் மண்ணில் திருச்சபை பள்ளிக்கூடம் நடத்திய வரலாறு முழுவதையும் இந்த ஒரு காட்சியை வைத்து உரைத்துப் பார்க்கலாம்.

முதலில் புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவும் தூங்கவும் செபிக்கவும்கூட விடாமல் மன்றாட்டுகளைக் கற்றுத்தரச் சொல்லிச் சூழ்ந்துகொண்டதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால், எல்லா இடத்துக்கும் தாமே போக முடியாமல், செபம் கற்ற பிள்ளைகளை அனுப்பினார். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பணித்தார். 1545-இல் நம் நாகப்பட்டினத்துக்கும் அவர் வந்து சென்றார். நம் விசுவாசம் பல வீடுகளுக்குள் பிள்ளைகளின் வாய்வழியாக நுழைந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. படிக்கத் தெரியாத பெற்றோருக்குத் தபாலையும் மருந்துச் சீட்டையும் படித்துக் காட்டிய பிள்ளைகளை இன்றும் நம் தெருக்களில் பார்க்கிறோம். சவேரியார் காலத்துப் பிள்ளைகளின் வாரிசுகள் அவர்கள்.

அடுத்து, நம் சபையைச் சேராத இருவரைப் பற்றியும் நன்றியோடு சொல்ல வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு வயதான வாத்தியாரை அவருடைய மாணவர்களோடு தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் கண்டவர் நம் ஊர்ப் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டே அங்கே பள்ளிகள் தொடங்கின; பெண்பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் அச்சகமும் வந்தது.

அதே நூற்றாண்டில் கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சியில், நம் வீரமாமுனிவர் வாழ்ந்தார். உபதேசியார்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். அதுவரை ஓலைச்சுவடியில் 'கெ' எது, 'கே' எது என்று பார்த்தவுடன் தெரியாது. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வேறு வடிவம் தந்தவர் அவரே. இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று சொல்லி எழுதும்போது, இத்தாலியில் பிறந்து தமிழுக்கே வாழ்ந்த ஒரு துறவியின் உழைப்பு அந்தச் சிலேட்டில் இருக்கிறது. வீரமாமுனிவரும் தரங்கம்பாடிக்காரர்களும் ஒருவரையொருவர் மறுத்துப் புத்தகம் எழுதியவர்கள். அந்தச் சண்டையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அவர் திருத்திய எழுத்தும் இவர்கள் கொண்டுவந்த அச்சும் சேர்ந்தே நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்கின்றன.

இரண்டாமவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். 1778-இல் தஞ்சாவூரில் குடியேறினார். சில ஆண்டுகளில் ஹைதர் அலியின் படையெடுப்பால் இந்த நெல் நாடு பாழானது. மக்கள் பசியால் மடிந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் தானியம் கிடைக்கவில்லை. விலை தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாததால் விவசாயிகள் மாடும் நெல்லும் தர மறுத்தார்கள். ஸ்வார்ட்ஸ் தம் பெயரில் வாக்குக் கொடுத்த பிறகுதான் நெல் வந்தது. அவர் சொன்னபடியே பணத்தையும் கொடுத்தார். பின்னர் வரிக்கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களைத் திரும்பி வரும்படி அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் நடத்திய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப யார் தயங்குவார்கள்? பசித்தவனுக்குச் சோறு போட்ட கைதான் பலகையில் எழுத்தும் எழுதியது. பள்ளிக்கு முதல் அஸ்திவாரம் நம்பிக்கை என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்கிறோம்.

இளவரசராக அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1798-இல் குரு இறந்தபின் இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். பெரிய கோயிலுக்கு அருகே, சிவகங்கைக் கோட்டையில் உள்ள கிறிஸ்துநாதர் ஆலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையை மன்னர் பிடித்திருக்கிறார். அருகே பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மன்னர் கடைசிவரை இந்து சமயத்தவராகவே இருந்தார்; ஆனாலும் அந்த நன்றி குறையவில்லை. இன்றும் நம் பள்ளிகளில் படித்த இந்து, இஸ்லாமிய சகோதரர்கள் தங்கள் சிஸ்டரையும் வாத்தியாரையும் பற்றிச் சொல்லும்போது அதே நன்றியைக் கேட்கிறோம்.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு 1844 மறக்க முடியாத ஆண்டு. கும்பகோணம் பகுதி 1899-இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை புதுச்சேரியோடு சேர்ந்தே இருந்தது. அந்தப் புதுச்சேரியில் 1844-இன் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் ஆண்டகை கூட்டிய மாமன்றம், பள்ளிகளைப் பெருக்குவது அவசியக் கடமை என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அருள்பணி துய்புயி அடிகள், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே ஓர் அருள்சகோதரிகள் சபையைத் தொடங்கினார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. நம் பெண்களே துறவற உடை அணிந்து ஆசிரியைகளாக நின்றபோது அந்தக் கேள்விக்கு மெல்ல மெல்லப் பதில் கிடைத்தது. அதே 1844-இல்தான் சேசு சபையார் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினார்கள். அது 1883-இல் திருச்சிக்கு மாறியது.

இங்கே ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நற்செய்தியைக் கொண்டுவந்தவர்களும் ஏற்றுக்கொண்டவர்களும் சாதியை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. நம் ஆலயங்களில் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பள்ளிகளிலும் தனி வரிசைகள் இருந்தன. சில தெருப் பிள்ளைகள் ஓரத்தில் நின்றே கேட்டார்கள். இயேசு நடுவே நிறுத்திய பிள்ளையை நாம் மறுபடியும் ஓரத்துக்குத் தள்ளினோம். இதற்காக மனம் வருந்துவது மட்டும் போதாது. இன்று நம் பள்ளி வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த வரிசையை உடைப்பதில் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது செலவில் ஒரு பகுதியை ஊராரும் ஏற்றுக்கொண்டார்கள். அறுவடைக் களத்திலிருந்து பள்ளிக்கென்று நெல் அளந்து வைத்த ஊர்கள் உண்டு. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசையும் நாற்காலியும் கடிகாரமும் சீருடையும் ஊர்மக்களின் காணிக்கையாக வந்து குவிந்தன. 1982-இல் சத்துணவு வந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15-ஆம் நாள், காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயர் கொண்ட தொடக்கப் பள்ளியில். விடியுமுன் நடவுக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரே தரையில், ஒரே தட்டு வரிசையில் பிள்ளைகள் அமர்ந்து உண்பது நற்கருணைப் பந்திக்கு நல்ல முன்னுரை.

அன்பார்ந்தவர்களே, அரசு உதவி பெறும் பள்ளி எப்படி நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடம், ஓடு, கதவு, கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் என்றால் மறைமாவட்டமோ துறவற சபையோதான் என்று விட்டுவிடுகிறோம். ஐப்பசி மழையில் வகுப்பறை ஒழுகும்போது நனைவது நம் பங்கின் பிள்ளைகள்.

கவனக்குறைவின் விலை என்ன என்பதை இந்த மண் அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளை விழுங்கியது. அன்று முதல் பள்ளிக் கூரைகளில் கீற்று போயிற்று. வழி குறுகலாக இருக்கிறது, கூரை ஆபத்தாக இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது ஏன் என்ற கேள்வி போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகச் செபிக்கிறோம். செபித்துவிட்டு எழுந்து, நம் பள்ளியின் சமையலறையையும் மின்கம்பிகளையும் மாடிப்படியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதும் அந்தச் செபத்தின் பகுதிதான்.

இன்னொரு கவலையும் உண்டு. பல ஊர்களில் நம் தொடக்கப் பள்ளிகள் மெலிந்து வருகின்றன. காலையில் மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகின்றன. கடன் வாங்கியாவது ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசைதான் அது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவார்; ஆசிரியர் குறைந்தால் இன்னும் சில பிள்ளைகள் போவார்கள். கடைசியில் மிஞ்சுவது வேன் கட்டணம் கட்ட முடியாத கூலித் தொழிலாளியின் பிள்ளை. பள்ளி மூடினால் வசதி உள்ளவர்களுக்கு நட்டமில்லை. அந்தக் கடைமடைப் பிள்ளைக்குத்தான் தண்ணீர் நின்றுபோகும்.

ஆகவே இந்த ஆண்டு ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கென்று ஒரு குடிமராமத்து செய்வோமா? பங்குப்பேரவையினர் கோடை விடுமுறையிலேயே கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் ஒருநாள் உழைப்பைத் தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாலையில் அரைமணி நேரம் வாசிக்கப் பழக்கலாம். அன்பியக் கூட்டங்களில், நடவுக்கும் அறுவடைக்கும் வெளியூர் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், பள்ளிக்கு வருகிறார்களா என்று கேட்கலாம். அங்கு படித்து நன்றாக இருப்பவர்கள், திருவிழாத் தேருக்குத் தருவதில் ஒரு பங்கைக் கழிப்பறைக்குத் தரலாம். எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் இதைச் செய்ய வேண்டும்.

வாய்க்கால் வெட்டிய எவரும் தண்ணீரைத் தன் வயலோடு நிறுத்திவிடுவதில்லை. நிறுத்தினால் ஊர் விடாது. நம் பள்ளியின் தண்ணீரும் கடைசி வயல்வரை போகட்டும். சிறு பிள்ளையை நடுவே நிறுத்திய ஆண்டவர், வரும் ஜூன் மாதம் பள்ளி மணி அடிக்கும்போது நம் ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் அந்த வாசலில் காணும் அருளை நமக்குத் தருவாராக. ஆமென்.