அவ்வாவிடம் கேட்காத கேள்வி

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடப்பா, உன் ஊரைப் பத்தியே எழுதேன்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். ஆர்.கே.பேட்டை என்றால் திருத்தணிக்குப் பக்கம், ஆந்திர எல்லை, நாள் முழுக்கத் தறிச் சத்தம், பல வீடுகளில் தெலுங்கு என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். ஆனால் நெடுநாளாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்டு. அதையே எழுதுகிறேன். நான் இங்கே இயற்பியல் படித்து, பிறகு பொறியியலுக்குப் போனவன். சமூகப்பணித் துறைக்காரன் அல்ல. பிழை இருந்தால் அத்துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

2008 டிசம்பரில் நமது நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினோம். அந்தப் படிவத்தைத் தயாரித்த மூவரில் நானும் ஒருவன். "குடும்பத்தில் மனநலம் பாதித்தவர் உண்டா? ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு வந்த நண்பன் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவ்வா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா நாயனா? என்கிட்ட ஒண்ணும் கேட்க மாட்டீங்களா?" என்றாள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். என் சின்னப்பாவுக்கு 1996இல் நோய் கண்டது. சோளிங்கர் போய், வாலாஜா போய், பஸ் மாறி மாறி வேலூர் பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் சேர்த்தார்கள். அங்கே நோயாளியை விட்டுவிட்டு வர முடியாது. வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அவ்வா தங்கினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு வரிசை மனப்பாடம் ஆகியிருந்தது. "முதல்ல ராத்திரி தூங்க மாட்டான். அப்புறம் தட்டைத் தள்ளுவான். அதுக்கப்புறம்தான் பேச்சு மாறும். பேச்சு மாறுற வரைக்கும் காத்திருந்தா லேட்டு." அந்த வரிசையை வைத்துக்கொண்டு எத்தனை முறை முன்கூட்டியே பஸ் ஏறியிருக்கிறாள் என்று எங்கள் வீட்டில்தான் தெரியும்.

வேலூரில் இந்த ஏற்பாடு வந்த கதை சுவையானது. அந்த மையம் 1957இல் தொடங்கியது. தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ். அதற்குச் சற்று முன்பே பஞ்சாபில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினரைத் தங்க வைத்தார். அவர்களை உட்கார வைத்து நோயைப் பற்றித் தினமும் பேசினார். சென்னையின் பழைய மனநோய் விடுதி 1794இல் தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கம் போனது. அந்தக் காலத்து விடுதிகளில் வீட்டாருக்கு வாசற்கதவோடு சரி. அப்படிப்பட்ட வழக்கத்திலிருந்து இது எவ்வளவு பெரிய திருப்பம்! உயர்ந்த கொள்கையால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். செவிலியர் போதவில்லை என்பதும் ஒரு காரணம். பற்றாக்குறையிலிருந்தும் நல்ல வடிவமைப்பு பிறக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அதே காலத்தில் சமூகப்பணிக் கல்வியும் இங்கே வேரூன்றிக்கொண்டிருந்தது. பம்பாயில் 1936இல் டாடா பெயரில் முதல் பள்ளி வந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. களப்பணி அப்போதே பாடத்தின் பாதி உயிர். மாணவர்கள் மருத்துவமனைக்கும் குப்பத்துக்கும் போனார்கள், போகிறார்கள். ஆனால் போன இடத்தில் இருந்தவர் 'கேஸ்' ஆனார். அவரைப் பற்றி எழுதினார்கள், ஆசிரியர் திருத்தினார், மதிப்பெண் வந்தது. அவர் வகுப்புக்கு வந்து, "நீ எழுதினது சரியில்லப்பா" என்று சொல்ல வழி இல்லை.

இங்கிலாந்தில் அதற்கு வழி செய்தார்கள். 2003இல் அங்கே சமூகப்பணி புதிய பட்டப்படிப்பாக மாறியபோது, சேவை பெறுவோரும் அவர்களைப் பராமரிப்போரும் பயிற்சியில் பங்கெடுக்க வேண்டும் என்று அரசே விதித்தது. மாணவர்களைச் சேர்க்கும் நேர்காணலில் அவர்கள் உட்காருகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், மாணவரை மதிப்பிடுவதிலும் கருத்துச் சொல்கிறார்கள். அதற்குப் பணமும் தரப்படுகிறது. சும்மா ஒப்புக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டு அனுப்புகிற இடங்களும் அங்கே இருக்கும்தான். ஆனாலும் விதி விதிதான்.

நம் நாட்டில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 1981இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. சென்னையில் பூனம் நடராஜன் மாற்றுத்திறனாளி மகனின் தாய். 1985இல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்று 'வித்யாசாகர்' என்ற பெயரில் இருக்கிறது. (அமிர்தசரஸ் டாக்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் ரொம்ப நாள் குழம்பினேன்.) இவர்கள் யாரும் வகுப்பறை கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மாநில மனநல ஆணையத்திலேயே நோய் கண்டவர்களின் சார்பில் இருவருக்கும், பராமரிப்பவர்களின் சார்பில் இருவருக்கும் இடம் தந்திருக்கிறது. ஆணையத்தில் உட்காரலாம் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் ஏன் உட்காரக் கூடாது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவளைப் பற்றி இப்படிப் பெருமையாக எழுதப்போகிறேன் என்று சின்னப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் அம்மாகிட்டதான் கேட்டாங்க. மாத்திரை போட்டா தறியில கை நடுங்குது, இழை அறுந்தா முடி போட முடியலன்னு நான் சொன்னதை அம்மாவே டாக்டர்கிட்ட சொல்லல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அமிர்தசரஸ் கூடாரத்திலும் பாகாயத்திலும் வீட்டார் உள்ளே வந்ததை நான் கொண்டாடிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பராமரிப்பவர் ஒருவர், நோய் கண்டவர் வேறொருவர். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும்.

நம் கல்லூரியில் இப்போது சமூகப்பணி வகுப்பு நடக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று துறையில் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள். சின்னப்பாவிடமும் கேட்டேன், "பசங்களுக்கு முன்னாடி வந்து பேசுவீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு நாள் தறி நிக்கும். கூலி யார் தருவாங்க?" என்றார்.