ஸஹ்ராவியின் சுரண்டிகளும் சிறுநீரக நோயாளியின் ஈறுகளும்

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, ரபீஉல் அவ்வல் மாதம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வந்தார்கள். நபியவர்களின் பார்வை அக்குச்சியின் மீது நிலைத்தது. வேண்டுமா என்று அன்னை வினவ, ஆமெனத் தலையசைத்தார்கள். அன்னை அதைத் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுக்க, நபியவர்கள் பல் துலக்கினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை மிஸ்வாக்கின் சிறப்பை எடுத்துரைக்கவே நாம் பெரும்பாலும் சொல்கிறோம். எழுந்து அமர இயலாத நோயாளியின் வாயையும் தூய்மை செய்து கொடுப்பது வீட்டாரின் பணி என்பதும் அதனுள் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் தந்தையோ தாயோ உள்ள இல்லங்களில் இப்பகுதியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

அந்நிகழ்வுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், அந்தலூசிய நாட்டின் குர்துபா நகரருகே வாழ்ந்தார் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 1013 வாக்கில் மறைந்த இம்மருத்துவரின் ‘அத்தஸ்ரீஃப்’ நூல் முப்பது பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. பற்களின் உள்ளும் புறமும், ஈறுகளுக்கிடையிலும் சொரசொரப்பான காறை படிகிறது, அது கறுத்தும் மஞ்சளித்தும் பச்சை பாய்ந்தும் போகிறது, அதனாலேயே ஈறு கெடுகிறது என்று அதில் அவர் எழுதியிருக்கிறார். நோயாளியின் தலையை மடியில் கிடத்திச் சுரண்ட வேண்டும். ஒரே அமர்வில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும் என்பது அவர் சொல்லும் முறை. அதற்கென வெவ்வேறு வடிவில் 14 சுரண்டிகளை வரைந்தும் காட்டினார். மிஸ்வாக் ஸுன்னத்தாக விளங்கிய சமூகத்தில் வாழ்ந்தவர் இரும்புச் சுரண்டியையும் செய்துகொண்டார் என்பது நம் கவனத்துக்குரியது. இறுகிய காறையைக் குச்சியால் பெயர்க்க முடியாது. “மிஸ்வாக் இருக்கப் பல் மருத்துவர் எதற்கு?” என்று கேட்போர் குர்துபாவைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் ஈறு அக்காலத்தில் தனிக் கேள்வியாக எழவில்லை. அவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை என்பதே காரணம். 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் இறைச்சிக் குழல் செய்யப் பயன்படும் செல்லோபேன் உறையை உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் செய்தார். தொடக்கத்தில் பலர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்த பிறகே ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது இயன்றது. உயிர் நீண்டது, ஸஹ்ராவி வர்ணித்த காறையும் அந்த வாயில் படியத் தொடங்கியது.

அது மற்றவர்களைவிட மிகுதியாகவே படிகிறது. இரத்தத்தில் தேங்கும் யூரியா உமிழ்நீரிலும் கலக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நோயாளியிடம் வீசும் ஒருவித வாடைக்கும் நாவில் உறையும் உலோகச் சுவைக்கும் இதில் பங்குண்டு. உமிழ்நீரின் காரத்தன்மை கூடுவதால் காறை விரைவில் இறுகுகிறது. அருந்தும் நீருக்கு அளவு விதிக்கப்பட்டிருப்பதால் வாயும் வறள்கிறது. பலருக்கு நீரிழிவும் சேர்ந்திருக்கும். அது சிறுநீரகத்தையும் ஈற்றையும் ஒருசேரக் கெடுப்பது. ஈற்றின் அழற்சி உடலெங்கும் அழற்சியைக் கூட்டும். அழுகிய பல்லும் சீழ்பிடித்த ஈறும் இருக்கும்வரை மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதை மருத்துவர்கள் ஒத்திவைப்பதும் உண்டு. பொருத்திய பின் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்கின்றன. துலக்காத வாயில் அத்தடிப்பு மிகும்.

நம்மிடையே இதை மோசமாக்கும் ஒரு தயக்கமும் இருக்கிறது. துலக்கினால் இரத்தம் வருகிறது, உளூ முறிந்துவிடுமே என்று அஞ்சித் துலக்குவதையே விட்டுவிடுவோர் உளர். ஷாஃபிஈ மத்ஹபில் ஈற்றிலிருந்து வரும் இரத்தம் உளூவை முறிப்பதில்லை. இரத்தத்தை விழுங்காமல் வாயைக் கொப்பளித்துத் தூய்மை செய்தால் போதும். ஹனஃபி மத்ஹபில் இரத்தம் உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் முறியும். எனவே உளூவுக்குச் சற்று முன்னரே மென்மையான தூரிகையால் துலக்கிக் கொப்பளித்து, இரத்தம் நின்றபின் உளூ செய்துகொள்ளலாம். ஈறு கசிவது பெரும்பாலும் அழுக்கு படிந்திருப்பதன் அடையாளமே. துலக்காதிருந்தால் கசிவு கூடும். உளூவைக் காக்க எண்ணி ஈற்றைப் பறிகொடுப்பது நம் ஃபுகஹாக்கள் எவரும் சொல்லித் தராத பேணுதல்.

பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர் டயாலிசிஸுக்கு மறுநாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரினின் வீரியம் அதற்குள் தணிந்திருக்கும். உடலில் கழிவும் குறைந்திருக்கும். சிறுநீரக நோயையும் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல் வலிக்கென்று கடையில் தாமாக வாங்கி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் எஞ்சியிருக்கும் சிறுநீரகச் செயலையும் பாதிக்கக்கூடியவை. சிறுநீரக மருத்துவரைக் கேளாமல் அவற்றைக் கொடுக்கலாகாது.