பழைய படத்தில் புதிய கத்திரி

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பழைய படம் பார்க்கும் வழக்கம் திண்டுக்கல் சமவெளியில், குஜிலியம்பாறை போன்ற ஊர்களில், இன்னும் விட்டுப்போகவில்லை. 2006-க்குப் பிறகு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி, இந்த வழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ‘சாந்தி’ (1965) படத்தில் சிவாஜி சிகரெட்டும் புகையுமாக நடந்துவரும் பாடல் காட்சி இப்போது ஓடினால், புகை தெரிந்ததுமே திரையின் அடியில் ஒரு வெள்ளை வரி எழும்: புகை பிடிப்பது உடல்நலத்துக்குத் தீங்கு. சிகரெட் கைமாறி மறைந்ததும் வரியும் மறையும். அடுத்த இழுப்புக்கு மறுபடி வரும். படம் எடுத்தவர்கள் யாரும் போடாத வரி அது. வேடசந்தூர் வட்டாரமே புகையிலை விளையும் பூமி, திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து பேர் வாங்கியது என்பதால், அந்த எச்சரிக்கைக்கு இங்கே கூடுதல் பொருளும் உண்டு.

பழைய படத்தின் மேல் பின்னாளையவர் கை வைப்பது சரியா என்ற கேள்வி இன்று உலகமெங்கும் எழுந்திருக்கிறது. தமிழ்ப் படங்களுக்கு அது பழைய கேள்வி.

1918-இன் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து 1920-இல் சென்னையில் தணிக்கை வாரியம் அமைந்தது. அதன் போக்கை ‘தியாக பூமி’யைப் போல வேறெந்தப் படமும் காட்டிக்கொடுக்கவில்லை. கல்கியின் கதை, கே. சுப்ரமணியத்தின் இயக்கம், சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், உடன் எஸ்.டி. சுப்புலட்சுமியும் பேபி சரோஜாவும். 1939-இல் படம் வெளிவந்தபோது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. காந்திய வாடை வீசிய படம் தடையின்றி ஓடியது. அவ்வாண்டு இறுதியில் அமைச்சரவை பதவி விலகி, ஆளுநர் ஆட்சி வந்தது. 1940-இல் அதே படத்துக்குத் தடை விழுந்தது. இடையில் படத்தின் ஒரு சட்டகமும் மாறவில்லை. ஆட்சி மாறியதும் படமும் குற்றவாளி ஆகிவிட்டது. பழைய படத்தைத் திருத்தச் சொல்லும் ஒவ்வொரு குரலையும் இந்த நிகழ்வை நினைவில் வைத்துக்கொண்டு கேட்பதே நல்லது. அந்தக் குரல் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு பேசினாலும், அது தன் காலத்தின் குரல்தான்.

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யின் கோயில் காட்சிக்கு எதிராகவும் தடை கேட்டுக் கூக்குரல் எழுந்தது. அந்தப் போராட்டத்தை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அன்று ‘மனம் புண்படுகிறது’ என்றவர்கள் வென்றிருந்தால், திராவிட இயக்கத்தின் வரலாற்றில் ஒரு முக்கிய ஆவணம் முடமாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

அரை நூற்றாண்டு கழித்துச் சண்டை புகைக்கு மாறியது. 2002 ஆகஸ்டில் வந்த ‘பாபா’வில் ரஜினிகாந்த் புகைப்பதைப் பாட்டாளி மக்கள் கட்சி கடுமையாக எதிர்த்தது, வட மாவட்டங்களில் படப்பெட்டிகளே பறிபோயின. மூன்றாண்டுகளில், மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் காலத்தில், படங்களிலும் தொலைக்காட்சியிலும் புகைக்கும் காட்சிகளே கூடாது என்று விதி வந்தது. 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் 2011 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி வேறு வழியைப் பிடித்தது. பழைய படத்தை வெட்ட வேண்டாம். எச்சரிக்கை வரியும் விழிப்புணர்வுக் குறும்படமும் சேர்த்தால் போதும். 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடி தளங்களுக்கும் இது பொருந்துகிறது. அடிக்குறிப்பு தன் படத்தைக் கெடுக்கும் என்று சொல்லி, 2013-இல் வூடி ஆலன் ‘புளூ ஜாஸ்மின்’ படத்தை இந்தியாவில் வெளியிடவே மறுத்தார். அவர் எரிச்சல் புரிகிறது. ஆனாலும் கத்திரிக்கு வரி மேல். வரிக்குப் பின்னால் படம் முழுசாக இருக்கிறது. வரியை யார் எதற்காகப் போட்டார்கள் என்பதும் பார்ப்பவருக்குத் தெரிகிறது.

சேனல்களின் கத்திரி அப்படித் தெரிவதில்லை. ‘ஏ’ சான்று பெற்ற படம் சின்னத்திரைக்கு வர வேண்டுமானால், வெட்டிச் சுருக்கி மறுசான்று பெற வேண்டும். 2023-இன் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் இந்தத் தனிச் சான்றைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அது போக, வசனத்தின் நடுவில் திடீரென ஒலி அறுந்து, நடிகரின் வாய் மட்டும் அசையும் ‘மியூட்’ ஒன்று இருக்கிறது. சாதிப் பெயரா, வசைச் சொல்லா, இன்றைக்கு ஆகாத அரசியல் பேச்சா? பார்ப்பவர் உதட்டசைவை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெட்டச் சொல்பவர்களின் வலியைச் சின்னதாக்க முடியாது. நிறத்தையும் உடலையும் கேலி செய்த நகைச்சுவையால் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் சுமந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2023-இல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை எதிரில் வைத்துக்கொண்டே, ‘தேவர் மகன்’ (1992) தனக்குள் ஏற்படுத்திய காயத்தைப் பற்றி அதன் இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். அந்தக் காயத்துக்கு அவர் கண்ட மருந்து ‘தேவர் மகன்’ பிரதியில் எதையும் அழிப்பதாக இருக்கவில்லை; எதிரே நிற்கும் இன்னொரு படத்தை எடுப்பதாக இருந்தது.

வெட்டினாலும் தீராத படங்கள் உண்டு. பார்த்திபனின் ‘புதிய பாதை’ (1989) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. தன்னைப் பலாத்காரம் செய்தவனையே ஒரு பெண் திருத்தி மணந்துகொள்ளும் கதை. அதற்கு முன்பு 1972-இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில், பணக்கார வீட்டில் வளர்ந்த மனைவியைக் கிராமத்துக் கணவன் வழிக்குக் கொண்டுவருகிறான். இவற்றில் இன்று உறுத்துவது ஏதோ ஒரு காட்சியல்ல, கதையின் முதுகெலும்பு. இரண்டு நிமிடத்தை நீக்கினால் உறுத்தல் போகாது. அப்படி நினைத்த சமூகத்துக்கான சாட்சிதான் போகும். 1989-இன் படங்களுக்கான தேசிய விருதுக் குழு ‘புதிய பாதை’யின் கதையில் தவறொன்றும் காணவில்லை என்பதை நாளைய மாணவி அறிய வேண்டாமா?

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. 2020 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் ‘கான் வித் த விண்ட்’ (1939) படத்தை எடுத்துவிட்டது. சில நாட்களில், ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் முன்னுரையோடு, ஒரு காட்சியும் குறையாமல் திரும்பக் கொண்டுவந்தது. ‘ஈ.டி.’ படத்தின் 2002 பதிப்பில் காவலர்களின் துப்பாக்கிகளை வாக்கி-டாக்கிகளாக மாற்றிய ஸ்பீல்பெர்க், அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று 2023-இல் வெளிப்படையாகவே சொன்னார். நம் ஊரில் ‘பாபா’ 2022 டிசம்பரில் நீளம் குறைந்து, முடிவு மாறி, சில இடங்களில் ரஜினியின் புதிய குரலோடு மறுவெளியீடு கண்டது. படைத்தவர்களே செய்த மாற்றம் என்பதால் உரிமை பற்றிக் கேள்வியில்லை. 2002-இல் கட்சிகளும் ரசிகர்களும் மோதிக்கொண்டது எந்தப் படத்துக்காக என்று ஆராய வருபவருக்கு மட்டும் பழைய ‘பாபா’தான் வேண்டும்.

பழைய பிரதி தொலைந்துவிடுமோ என்ற கவலைக்குத் தமிழில் காரணம் இருக்கிறது. முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ‘தியாக பூமி’யை இன்று பார்க்க முடிவது புனேயிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்தால். டூரிங் டாக்கீஸ் காலத்தில், ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் கொட்டகைக்கு வந்த படப்பெட்டியில் ரீல் அறுந்தால், ஆபரேட்டர் கிழிந்த துண்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு ஒட்டி ஓட்டினார். அவருக்கு வேறு வழியில்லை. கணினியில் முழுப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடிய காலத்தில் சேனலுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதற்கான முறை பழைய தணிக்கை விதிகளிலேயே இருந்தது. 2024-இல் புதிய விதிகள் வரும்வரை நடப்பிலிருந்த 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெட்டு வாங்கிய படத்தின் சான்றிதழில் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் போட வேண்டியிருந்தது. வெட்டிய பகுதியை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சான்றுக்குப் பிறகு படத்தில் எதை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டியிருந்தது. சேனலும் ஓடிடியும் தாங்களாகச் செய்யும் வெட்டுக்கும் மியூட்டுக்கும் அந்த முக்கோணத்தைத் திரையில் போடச் சொல்லலாம். படம் தொடங்குமுன், எத்தனை நிமிடம், எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டது என்று இரண்டு வரி தமிழில் எழுதச் சொல்லலாம். முழுப் பிரதி ஒன்றைக் காப்பகத்தில் சேர்த்த பிறகே திருத்திய பிரதிக்குச் சான்று என்று 2023-இன் சட்டத்தின் கீழ் ஒரு விதி சேர்த்தால், மறுசான்றுக்கு வரிசையில் நிற்கும் படங்களிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடலாம்.