முகம்மது: இரட்டிக்கும் மகரம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023இல் பிறந்த ஆண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது முகம்மது. 4,661 குழந்தைகளுக்கு அந்தப் பெயர். அங்கே எழுத்துக்கூட்டு மாறினால் தனிப் பெயராகக் கணக்கிடுவார்கள். இதே பெயரின் வேறு இரண்டு எழுத்துக்கூட்டுகளும் அந்த ஆண்டின் முதல் நூறு பெயர்களில் இருந்தன. ஒரு பெயர் இத்தனை உருவம் எடுப்பதற்குக் காரணம் அதன் ஒலிகளில் இருக்கிறது.

ஹ, ம, த என்ற மூன்று மெய்கள் சேர்ந்த அரபு வேருக்குப் புகழ்தல் என்று பொருள். ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்பதில் வரும் ஹம்து இதுதான். அஹ்மது, மஹ்மூது, ஹமீது, ஹாமிது எல்லாம் இவ்வேரில் கிளைத்தவை. முகம்மது என்பதில் நடு மெய் இரட்டிக்கிறது. அரபியில் நடு மெய் இரட்டித்தால் வினையின் வலிமை கூடும்: ‘கஸர’ என்றால் உடைத்தான், ‘கஸ்ஸர’ என்றால் நொறுக்கினான். அப்படியே, புகழப்பட்டவர் என்பது ‘மஹ்மூது’. மென்மேலும் புகழப்பட்டவர் என்பது ‘முஹம்மது’. ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு என்று மெய்யை இரட்டித்தே பொருளை மாற்றும் தமிழருக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும்.

குர்ஆனில் இப்பெயர் 4 இடங்களில் வருகிறது. 47ஆம் அத்தியாயத்தின் பெயரும் இதுவே. இப்பெயர் கொண்ட நபிகளார் மீதுள்ள அன்பினால் முஸ்லிம்கள் பிள்ளைக்கு இதை வைக்கிறார்கள். பல ஊர்களில் முகம்மது யூசுப், முகம்மது காசிம் என்று முன்னால் சேர்த்துவிட்டு, வீட்டில் யூசுப், காசிம் என்றே கூப்பிடுவார்கள்.

இப்பெயரின் ஹகரம் தொண்டையின் அடியிலிருந்து இறுக்கி எழும் மூச்சொலி. அதை ஒவ்வொரு மொழியும் தன் வழியில் சமாளித்தது. ரஷ்ய மொழியில் ஹகரம் இல்லாததால், ரஷ்யாவின் தாகெஸ்தானில் அது ‘மகொமெத்’ ஆனது. அசர்பைஜானில் ஹகரம் மறைந்து ‘மம்மத்’ என நின்றது. செனகலிலும் மாலியிலும் ‘மமாது’ என்கிறார்கள். சோமாலியரோ 1972இல் இலத்தீன் எழுத்துக்கு மாறியபோது இவ்வொலிக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தை ஒதுக்கினார்கள். அதனால் சோமாலியரின் பெயரைக் கண்ணால் பார்ப்பவர் ‘மாக்ஸமெத்’ என்று படித்துவிடுவார். அவர்கள் சொல்வதோ சுத்தமான அரபு ஹகரம்.

துருக்கியில் மரியாதையே ஒலியை மாற்றியது. மரபாக, நபிகளாரைக் குறிக்க ‘முஹம்மெத்’, மற்றவர்களுக்கு ‘மெஹ்மெத்’. 1453இல் கான்ஸ்டான்டினோபிளை வென்ற சுல்தானும் மெஹ்மெத்தான். சாதாரணப் படைவீரனைத் துருக்கியர் இன்றும் வாஞ்சையோடு ‘மெஹ்மெத்சிக்’ என்கிறார்கள்.

கேரளத்தில் இது ‘மம்மது’ எனக் குறுகியது. நடிகர் மம்மூட்டியின் இயற்பெயர் முகம்மது குட்டி. இந்தச் சுருக்கத்தில் ஹகரம் போனாலும் இரட்டை மகரம் போகவில்லை.

தமிழ் இப்பெயரைக் கையாண்ட விதம் அழகானது. உயிர்களுக்கு இடையில் வரும் ககரம் நம் பேச்சில் ஹகரம்போல மெலிந்து ஒலிக்கும். ‘முகம்’ என்று சொல்லிப் பார்த்தாலே தெரியும். அதனால் கிரந்த எழுத்தின் துணையின்றியே ‘முகம்மது’ மூல ஒலிக்கு நெருங்கிவிடுகிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் வழக்கமில்லை என்பதால், ஈற்றில் ஒரு குற்றியலுகரம் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரிடம் இந்த வடிவம் தேர்ந்த தமிழாகவே புழங்குகிறது. கிரந்தம் கலந்து ‘முஹம்மது’ என்று எழுதினாலும் குறையில்லை.

குறை ‘முகமது’ என்று எழுதும்போது வருகிறது. நாளிதழ்களிலும் ரேஷன் கார்டுகளிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் இன்று இவ்வடிவமே மிகுதி. அரபு எழுத்தில் மகரத்தின் தலையில் ‘ஷத்து’ என்ற சிறு குறி இட்டு இரட்டிப்பைக் காட்டுவார்கள். அன்றாட அரபு எழுத்தில் அக்குறியை விட்டுவிட்டாலும் வாய் இரட்டித்தே சொல்லும். தமிழில் அப்படி முடியாது, எழுதியதைத்தான் படிப்போம். ஒரு மெய்யை விட்டால் ஒலி போகும், ‘மென்மேலும்’ என்ற பொருளும் சேர்ந்து போகும்.

இந்த இரட்டிப்பைக் காப்பதற்குத் தமிழில் புது எழுத்தோ குறியோ வேண்டியதில்லை. ஒரு ‘ம்’ போதும். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எழுதுகிறவர்களும் செய்தியில் அச்சிடுகிறவர்களும் முழுமையாக ‘முகம்மது’ என்றே எழுத வேண்டும்.