மெய்யியலாசிரியரும் கற்பிக்கும் கணனியும்: பற்றிக் சூப்பீசின் பணி பற்றிய ஒரு நோக்கு

கல்விச் சாதனங்கள் பற்றிய ஐயம் மெய்யியலுக்குப் புதியதன்று. பிளேற்றோ தமது 'பீட்ரஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரதீசின் வாயிலாக எழுத்தைக் குறைகூறுகின்றார். எழுதப்பட்ட சொல்லை எத்தனை முறை வினவினும் அது ஒரே விடையையே தரும். தன்னைப் படிப்பவர் எத்தகையவர் என்பதை அது அறியாது என்பதே அக்குறையின் சாரமாகும். ஆயினும் அக்குறையை நாம் இன்று அறிவது பிளேற்றோ அதனை எழுதிவைத்தமையாலேயே. கற்பித்தலுக்கு உதவும் சாதனத்தை ஐயுறுவதும், அதனையே பயன்படுத்துவதும் மெய்யியலாசிரியருக்குத் தொடக்கந்தொட்டே உரியனவாக இருந்துவந்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்விரு நிலைகளையும் தமது தொழில் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டவர் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மெய்யியற் பேராசிரியர் பற்றிக் சூப்பீஸ் (1922–2014) ஆவர். விஞ்ஞான மெய்யியலிலும் அளவையியலிலும் அவர் பெற்றிருந்த இடம் ஒருபுறமிருக்க, கணனியைக் கற்பித்தற் கருவியாக வகுப்பறைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவராகவும் அவர் மதிக்கப்படுகின்றார். இவை தொடர்பற்ற இரு துறைகள் போலத் தோன்றலாம். அவருடைய வாழ்வில் ஒன்று மற்றொன்றிலிருந்து எவ்வாறு முளைத்தது என்பதையும், அவருடைய முயற்சி எங்கே வென்றது, எங்கே தடைப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவையியலிலிருந்து வகுப்பறைக்கு

ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரிற் பிறந்த சூப்பீஸ், 1943ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வானிலையியலிற் பட்டம் பெற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வான்படையிற் பணிபுரிந்தார். போரின் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏர்னஸ்ட் நேகலின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் மெய்யியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1957இல் அளவையியலுக்கும் 1960இல் தொடைக் கொள்கைக்கும் அவர் எழுதிய பாடநூல்கள் பல தலைமுறை மாணவரால் பயிலப்பட்டன.

ஒரு விஞ்ஞானத்தின் அடிப்படைகளைத் தெளிவான வெளிப்படையுண்மைகளாக ஒழுங்குபடுத்திக் காட்டுவது அவருடைய மெய்யியல் முறையின் உயிர்நாடியாகும். பௌதிகத்திற்குச் செய்யத்தக்க இப்பணியை உளவியலுக்கும் செய்தல் கூடும் என அவர் கருதினார். 1950களின் நடுப்பகுதியில் உளவியலாளர் வில்லியம் எஸ்ரெஸ் என்பாருடன் ஏற்பட்ட தொடர்பு அவரைக் கற்றற் கொள்கையின்பால் ஈர்த்தது. ஒரு தூண்டலுக்கு ஒரு துலங்கல் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதை நிகழ்தகவுக் கணிதத்தினால் விளக்கும் அக்கொள்கையில், றிச்சட் அற்கின்சனுடன் இணைந்து 1960இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இதனோடு மற்றொரு தூண்டுதலும் சேர்ந்தது. 1956இல் அவருடைய மூத்த பிள்ளை பாலர் வகுப்பிற் சேர்ந்தபொழுது, சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கப்படும் முறை அவருடைய கவனத்தை ஈர்த்தது. ஆரம்பப் பாடசாலை மாணவருக்குக் கேத்திரகணிதமும் குறியீட்டு அளவையியலும் கற்பிக்கும் பரிசோதனைகளில் அவர் ஈடுபட்டார். அக்காலத்திற் பல்கலைக்கழகத்திற்கே உரியதெனக் கொள்ளப்பட்ட நிறுவல் முறைகளைத் திறமை வாய்ந்த ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர் கற்கக்கூடும் என்பதனை அப்பரிசோதனைகள் உணர்த்தின. அதே வேளையில், ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகளின் கற்றல் வேகத்திற் காணப்பட்ட வேறுபாடு மிகப் பெரிதென்பதும் வெளிப்பட்டது. ஓராசிரியர் முப்பது பிள்ளைகளின் வேகத்திற்கும் ஒருங்கே ஈடுகொடுத்தல் இயலாது. கணனியை அவர் நாடியமைக்கு இத்தனியாள் வேறுபாடே முதன்மைக் காரணமாயிற்று.

பாடசாலைகளிற் பரிசோதனை

1963இல் சூப்பீசும் அற்கின்சனும் ஸ்ரான்போர்ட்டிற் கணனிவழிக் கற்பித்தல் ஆய்வினைத் தொடங்கினர். அவ்வாண்டின் இறுதியில் அங்கு இயங்கத் தொடங்கிய முதற் பாடம் எண்கணிதமன்று. அடிப்படைக் குறியீட்டு அளவையியலே. தாம் நன்கறிந்த துறையையே முதலிற் கணனிக்கு ஒப்புவித்தமை இங்கு நோக்கற்பாலது.

1965இல் கலிபோர்னியாவின் கியூப்பற்றினோ ஊரிலுள்ள ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்பு மாணவர் 41 பேர் வகுப்பறையில் வைக்கப்பட்ட தட்டச்சுப்பொறி ஒன்றின் மூலம் நாள்தோறும் எண்கணிதப் பயிற்சி பெற்றனர். அப்பொறி தொலைபேசிக் கம்பிவழியாகப் பல்கலைக்கழகக் கணனியுடன் இணைக்கப்பட்டிருந்தது. 1966இல் கிழக்குப் பலோ அல்ரோவிலுள்ள பிறென்ற்வூட் பாடசாலையில் இம்முயற்சி விரிவடைந்து, கணிதத்தைச் சூப்பீசும் வாசிப்பை அற்கின்சனும் பொறுப்பேற்றனர். பின்னர் மிசிசிப்பி மாநிலத்துப் பாடசாலைகளிலும் இப்பயிற்சி நடத்தப்பட்டது. கணனிப் பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்குமிடையிலான வேறுபாடு கலிபோர்னியாவை விட மிசிசிப்பியிலே கூடுதலாகக் காணப்பட்டது. வேறு வாய்ப்புகள் குன்றிய இடத்திலேயே இக்கருவி மிகுந்த பயன் தந்தது எனலாம்.

1966ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்துச் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் சூப்பீஸ் ஒரு கட்டுரை எழுதினார். மக்கெடோனிய இளவரசனான அலெக்சாந்தருக்கு அரிஸ்ரோட்டில் தனியாசிரியராக வாய்த்தமை போன்றதொரு பேறு, சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணனியினாற் கிட்டும் என அவர் அதில் எதிர்வுகூறினார். அரசகுமாரனுக்கு மட்டுமே உரியதாயிருந்த சலுகையைப் பொதுமக்களின் பிள்ளைகளுக்கும் உரித்தாக்குதல் என்னும் சமத்துவ நோக்கு அதில் அடங்கியிருந்தது.

நிறுவலைச் சோதிக்கும் பொறி

சூப்பீசின் இரு துறைகளும் முற்றாக ஒன்றித்த இடம் பல்கலைக்கழக அளவையியற் பாடமாகும். 1972 முதல் ஸ்ரான்போர்ட்டில் அறிமுக அளவையியல் முழுவதும் கணனிவழியே கற்பிக்கப்பட்டது. 1974 முதல் தொடைக் கொள்கையும் அவ்வாறே நடைபெற்றது. விரிவுரை இல்லை, மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் முனையத்தின் முன் அமர்ந்து தத்தம் வேகத்திற் கற்றனர். ஐயம் நேர்ந்தால் உதவுதற்குத் துணையாசிரியர் இருந்தனர்.

இப்பாடத்தின் சிறப்பினை உணர்தற்கு, முன்னைய கற்பிக்கும் பொறிகளுடன் இதனை ஒப்பிடுதல் வேண்டும். 1950களில் ஸ்கின்னர் அமைத்த பொறியில் மாணவர் தம் விடையை முன்னரே குறிக்கப்பட்ட சரியான விடையுடன் ஒப்பிட்டனர். அளவையியல் நிறுவலுக்கு இம்முறை பொருந்தாது. ஓர் எடுகூற்றுத் தொகுதியிலிருந்து ஒரு முடிவினை அடைவதற்கு வழிகள் பலவுள. ஆசிரியர் எதிர்பாராத ஒரு வழியில் மாணவர் சென்றாலும், ஒவ்வொரு படியும் விதிக்கு அமைந்திருப்பின் அந்நிறுவல் வாய்ப்பானதே. ஆகவே ஸ்ரான்போர்ட் நிகழ்ச்சித்திட்டம் விடையை ஒப்பிடவில்லை. மாணவர் தாம் பயன்படுத்த விரும்பும் அனுமான விதியையும் அது பொருந்தவேண்டிய வரிகளின் எண்களையும் தட்டச்சுச் செய்வர். விதி பொருந்தின் கணனி அடுத்த வரியைத் தானே எழுதும். பொருந்தாவிடின் அப்படியை ஏற்க மறுக்கும்.

இதனினும் ஒருபடி மேலான பயிற்சியும் அதில் இடம்பெற்றது. கூற்றுகள் பலவற்றை மாணவர்முன் வைத்து, அவற்றுட் சிலவற்றை வெளிப்படையுண்மைகளாகத் தெரிந்தெடுத்து எஞ்சியவற்றைத் தேற்றங்களாக நிறுவும்படி கேட்கப்பட்டது. எதனை அடிப்படையாகக் கொள்வது என்னும் தீர்மானம் மாணவருடையது. அத்தீர்மானத்திலிருந்து பிறப்பவற்றுக்கு அவர் நியாயம் காட்டல் வேண்டும். பொறிமுறைக் கல்வி மாணவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் என்னும் பொதுவான அச்சத்திற்கு இப்பயிற்சி தக்கதொரு மறுமொழியாகும்.

கண்டனங்களும் எல்லைகளும்

கண்டனங்கள் எழாமலில்லை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனி ஒற்றிங்கர் 1969இல் வெளியிட்ட நூலில், ஆய்வுகூடத்தின் வாக்குறுதிகளுக்கும் பாடசாலைகளின் நடைமுறைக்கும் இடையேயுள்ள தூரத்தை எடுத்துக்காட்டினார். கணனிகளின் செலவும் பழுதும், பாடசாலை நிர்வாகத்தின் ஆயத்தமின்மையும் அவர் சுட்டியவற்றுட் சில. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெய்யியல் கற்பித்த ஹியூபேட் டிறைபஸ் இன்னும் ஆழமான வினாவை எழுப்பினார். விதிகளைப் பின்பற்றுதல் தொடக்கநிலை மாணவருக்கே உரியது. துறைபோகிய திறன், ஆசிரியரின் முன்னிலையிற் பிழைவிட்டு நாணியும் துணிந்தும் பெறப்படுவது என்பது 2001இல் அவர் வெளியிட்ட இணையம் பற்றிய நூலின் வாதங்களுள் ஒன்று. பின்னர் அவருடைய சொந்த விரிவுரைகளே ஒலிப்பதிவுகளாக இணையத்திற் பரவிப் பலரைச் சென்றடைந்தமை வரலாற்றின் ஒரு வேடிக்கை.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1967இல் சூப்பீஸ் வேறு சிலருடன் சேர்ந்து கணனிப் பாடங்களைப் பாடசாலைகளுக்கு விற்கும் நிறுவனமொன்றை அமைத்தார். அது 1990இல் ஒரு பெரும் பதிப்பகத்திற்கு விற்கப்பட்டது. ஆய்வாளரே விற்பனையாளருமாகும்பொழுது, தமது கருவியின் பயன்பற்றி அவர் கூறுவதைப் பிறர் நுணுகிச் சோதித்தல் வேண்டும். எனினும் அவர் தமது முதற்றுறையைக் கைவிட்டாரல்லர். அளவீட்டின் அடிப்படைகள் பற்றி அவர் பிறருடன் எழுதிய நூலின் மூன்று தொகுதிகளும் 1971க்கும் 1990க்குமிடையில் வெளிவந்தன. அவருக்கு 1990இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கமும் வழங்கப்பட்டது.

தொழினுட்பவியல் என்பது விலையுயர்ந்த பொறி மாத்திரமே என அவர் கருதவில்லை என்பதற்கு நிக்கராகுவா நாட்டு முயற்சி சான்றாகும். 1970களின் நடுப்பகுதியில் அவருடைய ஆய்வு நிறுவனம் அங்கு வானொலிவழிக் கணிதப் பாடங்களை நடத்தியது. வானொலி வினவும், இடைவெளி விடும், பிள்ளைகள் ஒருமித்து விடை கூறுவர், பின்னர் சரியான விடை ஒலிக்கும். கணனி எட்டாத நாட்டிலும், பிள்ளையின் துலங்கலை எதிர்பார்த்துப் பாடத்தை அமைத்தல் என்னும் அதே கொள்கை செயற்பட்டது. வறிய நாடுகள் பலவற்றிற் பின்னர் பரவிய வானொலிக் கல்வி முறைக்கு இது முன்னோடியாயிற்று.

முடிவுரை

சூப்பீசின் எதிர்வுகூறல் அவர் குறித்த காலத்தில் நிறைவேறவில்லை. கணனி அரிஸ்ரோட்டிலாகவில்லை. ஆனால் அத்தோல்வியும் பயனற்றதன்று. கற்பித்தலில் விதிகளாக வரையறுக்கத்தக்க பகுதி எது, வரையறுக்கவியலாத பகுதி எது என்பதை அது நடைமுறையிற் காட்டிற்று. அவர் ஸ்ரான்போர்ட்டிற் தொடங்கிய கணனிவழிக் கல்வித் திட்டத்தின் கிளையாக 2006இல் ஓர் இணையவழி உயர்நிலைப் பாடசாலை உருவாகியது. அங்கு மெய்யியல் சார்ந்த பாடங்கள் யாவர்க்கும் கட்டாயமானவை. ஜனநாயகம், சுதந்திரம் போன்ற பொருள்கள் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்திற் கூடும் கலந்துரையாடல்களிலேயே அங்கு கற்பிக்கப்படுகின்றன. நிறுவலைச் சோதிக்கும் பணி பொறியிடம் சென்றது. நியாயத்தை உரையாடித் தேடும் பணி மனிதரிடமே நின்றது.

2022இன் பின்னர் இயல்பான மொழியில் உரையாடும் கணனிகள் பரவலாகியுள்ள நிலையில் இப்பாகுபாடு மேலும் முக்கியமாகின்றது. 1972இன் அளவையியற் பொறிக்கு உரையாடத் தெரியாது. ஆனால் வாய்ப்பற்ற ஒரு படியை அது ஏற்பதில்லை. இன்றைய பொறிகள் சரளமாக உரையாடுகின்றன. ஆயினும் அவை கூறுவது வாய்ப்பானதா என்பதற்கு அச்சரளம் உத்தரவாதமன்று. எழுத்தைப் பற்றிச் சோக்கிரதீஸ் கூறிய குறை, விடை கூறாத சாதனத்தைப் பற்றியது. இன்று எதற்கும் விடை கூறும் சாதனத்தை மாணவர் எவ்வாறு வினவுதல் வேண்டும், அதன் விடையை எவ்வாறு சோதித்தல் வேண்டும் என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு மெய்யியலாசிரியரைச் சார்கின்றது. கல்வித் தொழினுட்பவியலை மெய்யியலோடு இணைத்துத் தம் வாழ்தொழிலாக்க விரும்புவோர் சூப்பீசிடமிருந்து முதலிற் பெறத்தக்கது அவருடைய பொறிகளையல்ல. தம் துறையில் ஆழக் காலூன்றிய பின்னரே அதனைப் பொறிக்கு ஒப்புவிக்க முற்பட்ட அவருடைய ஒழுங்கினையே ஆகும்.