ஸ்டேஷன் எங்கடா?

இதுவரை நான் க்ளிக்கினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச படத்தைப் பார்த்தா சிரிப்பீங்க. முக்கால்வாசி வெறும் பனிமூட்டம். நடுவுல ஒரு மலை முகடு, ஓரத்துல அப்பாவோட குடை நுனி. அவ்ளோதான். மூணாறுலேர்ந்து 32 கிலோமீட்டர், டாப் ஸ்டேஷன்ல எடுத்தது.

"ஸ்டேஷன் எங்கடா?"ன்னார் அப்பா. நியாயமான கேள்விதானே!

இருந்துச்சு. 1902-ல மூணாறுலேர்ந்து இங்க வரைக்கும் மாடு இழுக்கிற ஒத்தைத் தண்டவாள ரயில் (நெசமாத்தாங்க!). 1908-ல அதை எடுத்துட்டு ரெண்டடி அகலப் பாதை போட்டாங்க. இங்க வர்ற தேயிலைப் பெட்டிங்க ரோப்வேல கொட்டகுடிக்கு இறங்கும். மேல டாப் ஸ்டேஷன், கீழ பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் போடி, தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து.

1924 ஜூலை மழையில ரயில் பாதையே போச்சு. திரும்பப் போடவே இல்லை. கொல்லம் ஆண்டு 1099-ங்கிறதால மலையாளிகளுக்கு அது 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்'.

தேயிலை வடத்துல இறங்குச்சு. கொழுந்து பறிக்கப் போன நம்ம சனம் கால்நடையாத்தான் ஏறுச்சு. அப்பாவோட தாத்தாவும் குரங்கணி வழியா அப்படி ஏறினவர்தானாம், அன்னிக்குத்தான் சொன்னார். பனிக்குள்ள குடையை நீட்டி, "இந்தப் பக்கமாத்தான் வந்திருப்பார்"னார். எனக்கு ஒண்ணும் தெரியலை. இருந்தாலும் எடுத்தேன்.

ஃபோகஸ் சரியில்லேம்பாங்க வீட்டுல. அப்பாவோட போன கடைசி ட்ரிப் அது, அழிக்கிறதா இல்லை.