மூலமும் படியும்

மூலம் உயர்ந்தது, அதைப் பார்த்து எழுதிய படி தாழ்ந்தது என்று எண்ணுவது உலக வழக்கம். வழக்கு மன்றத்திலும் முதலில் மூல ஆவணத்தையே கேட்கிறார்கள். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஸ்காட்லாந்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அந்நாட்டின் அரசியல், சட்டம், சமயம் ஆகிய மூன்றிலும் தலைசிறந்த ஏடுகள் சில, கையால் எழுதிய படிகளினாலேயே நிலைபெற்றிருக்கின்றன. அவற்றின் கதையை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தின் ஆவணங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1296-ல் அந்நாட்டின் மீது படையெடுத்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், முடிசூட்டுக் கல்லைக் கொண்டு சென்றபோது அரசாங்க ஏடுகளையும் உடன் கொண்டு சென்றார். அவற்றுள் பெரும்பாலானவை மீளவில்லை. 1651-ல் கிராம்வெல்லின் படை ஸ்டர்லிங் கோட்டையைக் கைப்பற்றியது. அங்கே காப்புக்காக வைத்திருந்த ஏடுகள் லண்டனுக்குப் போயின. 1660-ல் அவற்றைத் திருப்பி அனுப்பியபோது கடலில் புயல் எழுந்தது. 85 பீப்பாய்களை ‘எலிசபெத்’ என்னும் வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள். அந்தக் கப்பலோ மூழ்கிப் போயிற்று. பகைவன் திருப்பிக் கொடுத்ததைக் கடல் எடுத்துக்கொண்டது.

இத்தகைய நாட்டில் ஒரு படியின் மதிப்பு என்ன என்பதற்கு முதற்சான்று, ஆர்புரோத் அறிக்கை. 1314-ல் பானக்பர்ன் களத்தில் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்தின் சேனையை முறியடித்தார். ஆயினும் போப்பரசர் அவரை மன்னராக ஏற்கவில்லை. ஆகவே, 1320 ஏப்ரல் 6-ஆம் தேதியிட்டு, ஆர்புரோத் மடத்திலிருந்து, 39 பிரபுக்களின் பெயர்களைத் தாங்கிய கடிதம் ஒன்று லத்தீன் மொழியில் எழுதப்பெற்றது. அவிஞான் நகரில் வீற்றிருந்த போப்பரசர் 22-ஆம் ஜானுக்கு அது சென்றது. தம்மில் நூறு பேர் உயிரோடு இருக்குமளவும் இங்கிலாந்தின் ஆட்சிக்குப் பணிவதில்லை என்று அவர்கள் அதில் உறுதி கூறினார்கள். தம் மன்னரே அந்நியனுக்குத் தலைவணங்கினால், அவரை நீக்கி வேறொருவரை மன்னராக்குவோம் என்றும் துணிந்து எழுதினார்கள்.

போப்பரசருக்குச் சென்ற அந்த மூலக் கடிதம் இன்று இல்லை. தங்கள் கைவசம் இருக்கட்டும் என்று நாட்டிலேயே வைத்துக்கொண்ட படிதான் எஞ்சியது. அதற்கும் இடர் வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடின்பரோ கோட்டையில் கட்டட வேலை நடந்தபோது, ஹாடிங்டன் பிரபு அதைத் தமது டைனிங்ஹாம் மாளிகைக்குக் கொண்டுபோனார். அரசாங்கத்திடம் அது திரும்பியது 1829-லேதான். அதற்குள் ஈரம் தோலை அரித்துவிட்டது. தொங்கிய முத்திரைகளுள் இன்று எஞ்சியிருப்பவை 19. ஆனால் வாசகம் அழியவில்லை. 1440-களில் வால்டர் பௌவர் என்ற மடாதிபதி அக்கடிதத்தைத் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்திருந்தார். பிற்காலத்தவர் எடுத்த செதுக்கு அச்சும் இருந்தது. மூலம் போயிற்று, படி சிதைந்தது, படியின் படியோ சொல்லைக் காத்தது.

படி எடுப்பதில் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நம் பழமொழி அல்லவா? ‘ரீஜியம் மெஜஸ்டாட்டெம்’ என்னும் ஸ்காட்லாந்துச் சட்டநூல் அதற்குச் சாட்சி. ஆசிரியரின் கையேடு கிடைக்கவில்லை; கிடைத்த படிகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 1609-ல் அதை அச்சிட்ட சர் ஜான் ஸ்கீன், அது 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் டேவிட் மன்னர் காலத்தது என்று நம்பினார். பின்வந்த அறிஞர்களோ அது 14-ஆம் நூற்றாண்டுக்குரியது என்றும், ‘கிளான்வில்’ எனப்படும் ஆங்கிலச் சட்டநூலைப் பெரிதும் தழுவியது என்றும் தெளிந்தார்கள். ஒரே படி நம்மை ஏமாற்றக்கூடும். பல படிகள் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக் கொடுக்கும்.

சமயத் துறையில் படியின் பெருமை இன்னும் ஓங்கி நிற்கிறது. 1637-ல் முதலாம் சார்லஸ் மன்னர் புதிய வழிபாட்டு நூல் ஒன்றை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மேல் சுமத்தினார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அலெக்சாண்டர் ஹெண்டர்சன் என்ற போதகரும் ஆர்ச்சிபால்ட் ஜான்ஸ்டன் என்ற வழக்கறிஞரும் தேசிய உடன்படிக்கையை வரைந்தார்கள். 1638 பிப்ரவரி 28-ஆம் தேதி, எடின்பரோவிலுள்ள கிரேபிரையர்ஸ் ஆலயத்தில் பிரபுக்கள் அதில் கையொப்பமிடத் தொடங்கினார்கள். பின்னர் அதைப் பெரிய தோல்களில் படியெடுத்து ஊர்தோறும் அனுப்பினார்கள். எழுத அறியாதார்க்காகப் பத்திரம் எழுதுவோர் கையொப்பமிட்டார்கள். இங்கே மூலம் எது, படி எது? ஓர் ஊரார் தம் பெயரை இட்டவுடனே அவ்வூர்ப் படியும் மூலமாகிவிட்டது!

அந்தப் பெயர் பின்னாளில் ஆபத்தாயிற்று. இரண்டாம் சார்லஸ் அரசுரிமை பெற்றபின், 1662-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் உடன்படிக்கையைச் சட்டவிரோதம் என்று விதித்தது. அதை வரைந்த ஜான்ஸ்டன் ஒருகாலத்தில் நாட்டின் ஏடுகளுக்கே தலைமைக் காவலராக இருந்தவர். கிராம்வெல் ஆட்சியில் பதவி ஏற்றதும் அவர்மேல் குற்றமாயிற்று. 1663-ல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். ஒரேயொரு ஏடு இருந்திருந்தால் அதைத் தீயிலிட்டு முடித்திருக்கலாம். நாடெங்கும் சிதறிய படிகளை யார் தேடி எரிப்பது? தம் பெயர் தமக்கே எதிர்ச்சாட்சி ஆகக்கூடும் என்று அறிந்தும், பல குடும்பங்கள் அவற்றை மறைத்துக் காத்தன. அப்படிகளுட் பல இன்றும் ஸ்காட்லாந்தின் நூல்நிலையங்களிலும் காட்சிச்சாலைகளிலும் இருக்கின்றன.

இந்த ஏடுகளைப் படியெடுத்தவர்களுட் பெரும்பாலோர் பெயரை வரலாறு குறிக்கவில்லை. குளிரில் விரல் விறைக்க, மங்கிய விளக்கொளியில், பிறர் சொல்லைத் தம் கையால் எழுதியவர்கள் அவர்கள். அவர்கள் எழுதியது இன்றும் பேசுகிறது. ‘எலிசபெத்’ கப்பலோடு மூழ்கிய பீப்பாய்களில் படியெடுக்காத ஏடுகள் எத்தனை இருந்தனவோ, அவை இனி ஒருபோதும் பேசப் போவதில்லை.